ஜெராய் மலையடிவாரத்தில் வானொலி: வாசகர் கேள்வி – பதில்

உரிமம் பெற்றவர்கள் பொழுதுபோக்காக இயக்கும் இருவழி வானொலியான அமெச்சூர் வானொலியைப் பையில் எடுத்துக்கொண்டு பூங்காவுக்கும் மலைக்கும் போய், அங்கேயே ஆண்டெனாக் கம்பி கட்டி, மின்கலத்தில் இயக்கி, ஊர் ஊராகவும் நாடு நாடாகவும் தொடர்புகொள்ளும் பழக்கத்தைப் பற்றிச் சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தேன். அதற்குக் கெடா மாநிலத்துப் பீடோங்கிலிருந்தும், அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும், குரூண், மெர்போக் பக்கத்திலிருந்தும் வந்த கடிதங்களைப் பார்த்தபோது, இந்த மாதப் பகுதியை முழுவதுமாக அவற்றுக்கே கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

அமெச்சூர் வானொலித் தேர்வு எழுதி, வானலையில் என்னை அடையாளம் காட்டும் அழைப்புக்குறியும் வாங்கிவிட்டேன். தாமானில் உள்ள எங்கள் வீட்டு மாடியில் கம்பி கட்டி 7 மெகாஹெர்ட்ஸில் கேட்டால் ஒரே இரைச்சல்தான் வருகிறது. மலையடிவாரத்துக்குப் போனால் 5 வாட்டிலேயே பேசலாம் என்று ஒரு மூத்தவர் சொல்கிறார். வீட்டிலிருந்து கூடுதல் சக்தியில் கூப்பிட்டே யாரும் பதில் சொல்லாதபோது, 5 வாட்டுக்கு யார் பதில் சொல்லப் போகிறார்கள்?
*– கல்லூரி மாணவர், பீடோங்*

அந்த மூத்தவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். வெளியிடத்துக்குப் போவதால் கிடைக்கும் பெரிய ஆதாயம் பேசுவதில் இல்லை, கேட்பதில் இருக்கிறது. நீங்கள் கூப்பிட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பதில் சொல்லியும் உங்கள் காதுக்கு எட்டாமல் போயிருக்க நிறைய வாய்ப்புண்டு. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் முழங்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர் பேசுவது கேட்காததைப் போலத்தான் இதுவும்.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். வானொலியின் முகப்பில் குறிகையின் வலிமையைக் காட்டும் 'எஸ்' அளவியில் ஒவ்வொரு படியும் 6 டெசிபெல். வீட்டில் யாரும் பேசாத நேரத்தில் இரைச்சல் எஸ்-7இல் நிற்கிறது என்றும், மலையடிவாரத்தில் அது எஸ்-2க்கு இறங்கிவிடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஐந்து படி என்றால் 30 டெசிபெல், அதாவது ஆயிரம் மடங்கு. அதே சமயம் 100 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்குவதால் நீங்கள் இழப்பது 13 டெசிபெல்தான். எதிர்முனையில் உங்கள் குரல் இரண்டு படிக்குச் சற்று அதிகமாகத் தணிந்து கேட்கும், அவ்வளவே. அவர் இருக்கும் இடம் அமைதியானதாக இருந்தால் அந்த இரண்டு படி அவருக்குப் பெரிய குறையாகத் தெரியாது. உங்களுக்கோ இதுவரை புதைந்து கிடந்த குரல்கள் எல்லாம் மேலே வரும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம். வானொலியை மின்கலத்தில் ஓடவிட்டு, வீட்டில் சொல்லிவிட்டு, ஐந்து நிமிடம் முதன்மை மின்விசையை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று இறங்கினால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: மலிவான எல்இடி விளக்கு, கைப்பேசி மின்னேற்றி, மடிக்கணினியின் மின்வழங்கி, மீன்தொட்டி விளக்கு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கும். இறங்காவிட்டால் அது அடுத்த வீடுகளிலிருந்தோ தெருவிலிருந்தோ வருகிறது. இணைப்பு வீடுகளில் அதற்கு நீங்கள் செய்யக்கூடியது குறைவு. அப்போது வெளியே போவதுதான் வழி.

எங்கே போவது என்றால், உங்கள் ஊர்க்காரருக்கு அந்தக் கவலையே இல்லை. துப்பா பொழுதுபோக்கு வனமும், மலையைச் சுற்றிக்கொண்டு யான் பக்கம் போனால் பத்து ஹம்பார், செரி பெரிகி அருவிப் பகுதிகளும் இருக்கின்றன. முதல் முறை போகும்போது சக்தியைப் பற்றி யோசிக்காமல், அரை மணி நேரம் வெறுமனே கேளுங்கள். காலை நேரத்தில் 7 மெகாஹெர்ட்ஸில் கெடாவுக்கும் பேராக்குக்கும் சிலாங்கூருக்கும் இடையே நடக்கும் உரையாடல் தெளிவாகக் காதில் விழுந்தால், பிறகு அழைப்பதற்குத் தயக்கம் தானாகவே போய்விடும்.

என் மகன் இணையத்தில் ஒரு கைவானொலி வாங்கியிருக்கிறான். நண்பர்களோடு மலையேறும்போது பேசிக்கொள்ளத்தானே, காட்டுக்குள் யார் கேட்கப் போகிறார்கள் என்கிறான். உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாமா?
*– குடும்பத்தலைவி, சுங்கை லாலாங்*

கூடாது, அம்மா. அமெச்சூர் அலைவரிசைகளில் ஒலிபரப்புவதற்கு எம்.சி.எம்.சி. எனப்படும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் நடத்தும் தேர்வில் தேறி இயக்குநர் சான்றிதழ் பெற வேண்டும். பிறகு நிலையத்துக்கான கருவி ஒதுக்கீட்டையும் அழைப்புக்குறியையும் பெற வேண்டும். தீபகற்பத்தில் ஏ வகுப்பினரின் அழைப்புக்குறி 9எம்2 என்றும், பி வகுப்பினருடையது 9டபிள்யூ2 என்றும் தொடங்கும். எந்த அலைவரிசையில், எவ்வளவு சக்தியில் பேசலாம் என்பது அந்த ஒதுக்கீட்டு ஆவணத்திலும் அதன் நிபந்தனைகளிலும் இருக்கும். பி வகுப்பினருக்கு எல்லாக் கதவும் திறந்திருக்காது. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் அனுமதியின்றி அலைக்கற்றையைப் பயன்படுத்துவது அபராதமும் சிறையும் விதிக்கத்தக்க குற்றம்.

காட்டுக்குள் யாரும் கேட்கமாட்டார்கள் என்ற எண்ணமும் தவறு. மலைமேல் ஏறி 5 வாட்டில் பேசினால், கடலோரம் வரை கேட்கும். இணையத்தில் விற்கும் கைவானொலிகள் பலவற்றில் அமெச்சூர் அலைவரிசைகளோடு மற்ற துறையினருடையதும் திறந்தே இருக்கும். பையன் எதையோ அழுத்த, அது தீயணைப்புக்காரரின் பேச்சில் போய் விழுந்தால் விளையாட்டு வினையாகிவிடும். நண்பர்களோடு பேசிக்கொள்ள மட்டும் தேவை என்றால், எல்லாருக்கும் பொதுவான அனுமதியான வகுப்பு ஒதுக்கீட்டின் கீழ் வரும், தனி உரிமம் தேவைப்படாத, ஆணையத்தின் சான்று முத்திரை உள்ள சிறு கைவானொலிகள் கடைகளில் கிடைக்கின்றன. ஆர்வம் உண்மையானது என்றால் தேர்வுக்குப் படிக்கச் சொல்லுங்கள். விதிமுறைகளும் அடிப்படை மின்னணுவியலும்தான் பாடம். மேல்நிலைப் பள்ளி அறிவியலைப் புரிந்து படித்த பிள்ளைக்கு அது எட்டாத உயரம் இல்லை. 1952இல் தொடங்கப்பட்ட மார்ட்ஸ் எனும் மலேசிய அமெச்சூர் வானொலிச் சங்கத்தின் உறுப்பினர்கள் நாடு முழுவதும் இருக்கிறார்கள். புதியவர் கேட்டால் சொல்லிக்கொடுப்பதைக் கடமையாக நினைப்பவர்கள் அவர்களில் பலர்.

முப்பது ஆண்டாகத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறேன். மருமகன் வானொலிக்காரர். என் பழைய அலுமினியக் கம்பத்தை அவருக்கு ஆண்டெனா கட்டக் கொடுக்கலாமா? அது உதவுமா?
*– தோட்டத் தொழிலாளி, பீடோங் அருகில்*

இந்த மாதம் வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கடிதம் இதுதான். உதவும், ஐயா. ஆனால் எப்படிப் பயன்படுத்துவது என்பதில் நிறைய விவரம் இருக்கிறது. உங்கள் மருமகனிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

முதல் வேலை, நுனியில் உள்ள அரிவாளைக் கழற்றிவிடுவது. இரண்டாவது, கம்பத்தின் பகுதிகள் ஒன்றுக்குள் ஒன்று செருகும் இடங்களைப் பார்ப்பது. பல ஆண்டு தோட்டத்தில் புழங்கிய கம்பத்தில் அந்த இடங்களில் அழுக்கும், அலுமினியத்தின் மேல் படியும் வெண்மையான ஆக்சைடு படலமும் இருக்கும். கைக்கு இறுக்கமாகத் தெரிந்தாலும் மின்சாரத்துக்கு அது அறுந்த இணைப்புதான். உப்புத்தாளால் உள்ளும் வெளியும் பளபளப்பாகும் வரை தேய்த்து, செருகி, இறுக்குவளையத்தை முடுக்க வேண்டும்.

பிறகு அந்தக் கம்பமே ஆண்டெனா ஆகிவிடும். கால் அலை நீளத்துக்கு எளிய கணக்கு, 71.5ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுப்பது. 14.2 மெகாஹெர்ட்ஸுக்கு வகுத்தால் 5 மீட்டர் சொச்சம் வரும். உங்கள் கம்பத்தை 5 மீட்டருக்கு நீட்டி, அடியில் காய்ந்த தடித்த பலகையோ கெட்டியான பிளாஸ்டிக் கட்டையோ வைத்து மண்ணில் படாமல் நிறுத்தி, மூன்று பக்கமும் நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள். வானொலியிலிருந்து வரும் கேபிளின் நடுக்கம்பியைக் கம்பத்தின் அடியில் இணைக்க வேண்டும். அதன் மேல்வலையைத் தரையில் நான்கு திசையிலும் விரித்த கம்பிகளோடு இணைக்க வேண்டும். அந்தத் தரைக்கம்பிகள் ஒவ்வொன்றும் 5 மீட்டர் அளவில் இருந்தால் போதும். தரைமேல் கிடப்பவை என்பதால் நீளம் அச்சுப் பிசகாமல் இருக்கத் தேவையில்லை, ஆனால் எண்ணிக்கை கூடக் கூட நல்லது. ஆண்டெனா வானொலிக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் அளவி, நான்கு கம்பிகளோடு அழகான எண்ணைக் காட்டுவதைப் பார்த்து மருமகன் மகிழ்ந்துபோவார். நல்ல தரைக்கம்பிகளுள்ள கால் அலைக் கம்பத்தின் மின்மறுப்பு 36 ஓம் அளவில் இருக்க வேண்டியது. அது வானொலி எதிர்பார்க்கும் 50ஐத் தொடுகிறது என்றால் சக்தியில் ஒரு பங்கு மண்ணைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எட்டு, பத்துக் கம்பிகளை விரித்தபின் எண் சற்று மோசமாகி, தொலைதூரக் குரல்கள் கூடினால் அதுவே சரியான திசை.

உள்நாட்டுப் பேச்சுக்கு 7 மெகாஹெர்ட்ஸ் வேண்டும் என்றால் கம்பம் வெறும் தூணாக நின்றால் போதும். இரண்டு பக்கமும் 10 மீட்டர் வீதம் கம்பியைக் கூரை வடிவில் சரித்து, நடுமுனையைக் கம்பத்தின் தலையில் பிளாஸ்டிக் துண்டு வைத்துக் கட்டி, இரு முனைகளையும் ஆள் தலைக்கு மேலே இருக்கும்படி கயிற்றால் இழுத்துக் கட்டினால் ஆயிற்று. உறை போட்ட சாதாரண மின்கம்பி ஹார்ட்வேர் கடையில் கிடைப்பதே போதும். உறை இருப்பதால் கணக்கில் வந்த நீளத்தைவிடச் சற்றுக் குறைவாகவே தேவைப்படும். அதற்காக உடனே வெட்டிவிடாமல், முனையை மடித்து முறுக்கிக் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த உயரத்தில் அலை பெரும்பாலும் நேர் மேலே போய், வானின் உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுக் குடை விரித்தாற்போலச் சுற்று வட்டாரத்தில் சில நூறு கிலோமீட்டருக்கு இறங்கும். மலை குறுக்கே நிற்பதைப் பற்றிய கவலை அதற்கு இல்லை.

இனி ஆபத்து. இதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அலுமினியக் கம்பம் மின்கம்பியில் பட்டு உயிர்போன சேதி கேட்காத தோட்டக்காரர் இருக்கமாட்டார். ஆனால் மருமகனுக்குத் தெரிந்திருக்காது. கம்பத்தின் முழு நீளத்தைப்போல இரண்டு மடங்குக்குள் எந்தத் திசையிலும் மின்கம்பி இருக்கக்கூடாது. நிமிர்த்தும்போதும் இறக்கும்போதும் கட்டாயம் இருவர் வேண்டும். ஒலிபரப்பும் நேரத்தில் யாரும் கம்பத்தைத் தொடக்கூடாது. 5 வாட்டில் சுரீர் என்று சுடும், 100 வாட்டில் தோல் கருகிப் புண்ணாகிவிடும். பிள்ளைகள் வரும் இடமானால் சுற்றிலும் ஒரு கயிறு கட்டி, கண்ணில் படும்படி வண்ணத் துணியைத் தொங்கவிடுங்கள். இவ்வளவும் தொல்லை என்று மருமகனுக்குத் தோன்றினால், மீன்பிடிக் கடையில் விற்கும் நீட்டித் தூண்டில் கம்பு ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். கண்ணாடியிழையில் செய்தது என்றால் அதில் மின்சாரம் பாயாது, பையிலும் அடங்கும். கார்பன் இழையில் செய்தது வேண்டாம், அது மின்கடத்தி.

செம்பனை மட்டையில் கயிற்றை எறிந்து கம்பி கட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடச் சொல்லுங்கள். மட்டையின் முள்ளில் சிக்கிய நைலான் கயிறு திரும்பி வராது. அறுத்துவிட்டு வந்தால் அடுத்த முறை குலை வெட்ட வருபவரின் கத்தியில் போய்ச் சுற்றும். தோட்டம் நிர்வாகத்தின் நிலம். கேட்காமல் உள்ளே போய்க் கம்பம் நடக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

என்ன மின்கலம் எடுத்துப் போவது? மோட்டார் சைக்கிள் பேட்டரி போதுமா?
*– பட்டறை நடத்துபவர், குரூண்*

போதும், ஆனால் கனமும் அதிகம், ஈய அமில மின்கலத்தில் பாதிக்குமேல் உறிஞ்சினால் அதன் ஆயுளும் குறையும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, 12.8 வோல்ட், 6 ஆம்பியர்-மணி உள்ளதை எடுங்கள். 5 வாட் வானொலி கேட்கும்போது 0.4 ஆம்பியரும், ஒலிபரப்பும்போது 2 ஆம்பியரும் எடுக்கிறது என்று வைத்தால், நான்கு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் பேசினாலும் மொத்தம் 3.2 ஆம்பியர்-மணிதான் ஆகும். நேர்முனைக் கம்பியில் மின்கலத்துக்கு மிக அருகில் உருகி (ஃபியூஸ்) கட்டாயம் வேண்டும். வெயிலில் பூட்டிய காருக்குள் மின்கலத்தை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

எங்கள் தமிழ்ப்பள்ளியில் சாரணர் இயக்கத்தைக் கவனிக்கிறேன். பூங்காக்களிலிருந்தும் மலைகளிலிருந்தும் வானொலி இயக்குவதற்கு உலக அளவில் திட்டங்கள் உள்ளன என்று எழுதியிருந்தீர்கள். அவற்றின் விதிகள் என்ன? மாணவர்களை எப்படிச் சேர்க்கலாம்?
*– ஆசிரியை, மெர்போக் வட்டாரம்*

இரண்டு திட்டங்கள் பெரியவை. 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்' என்ற மலையுச்சித் திட்டம் 2002 மார்ச்சில் பிரிட்டனில் தொடங்கியது. 'பார்க்ஸ் ஆன் தி ஏர்' என்ற பூங்காத் திட்டத்துக்கு வித்து, அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையின் நூற்றாண்டை ஒட்டி 2016இல் அந்நாட்டு அமெச்சூர்கள் ஓராண்டு நடத்திய நிகழ்வு. அது முடிந்தபின் விடமனமில்லாதவர்கள் தொடர்ந்ததே இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கிறது.

பூங்காத் திட்டத்தில், பட்டியலில் எண் கொடுக்கப்பட்ட பூங்காவின் எல்லைக்குள் இருந்து ஒரே நாளில் பத்துத் தொடர்புகள் செய்தால் அந்தப் பூங்காவை வானலையில் ஏற்றியதாகக் கணக்கு. இதில் நம் நாட்டுக்காரர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்த 'நாள்' உலகப் பொது நேரப்படி எண்ணப்படுவது. நம் கடிகாரத்தில் அது காலை 8 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8 மணிக்கு முடிகிறது. விடியற்காலை 7 மணிக்கு உற்சாகமாகத் தொடங்கி, 8 மணிக்குள் ஆறு, அதற்குப்பின் ஆறு என்று பன்னிரண்டு தொடர்புகள் செய்தாலும், அவை இரண்டு நாள்களுக்குப் பிரிந்து, எந்த நாளிலும் பத்து தேறாது. ஆகவே 8 மணிக்குப் பிறகு தொடங்குங்கள், அல்லது 8 மணிக்குப் பிறகு புதிதாக எண்ணுங்கள். பதிவேட்டிலும் உலகப் பொது நேரத்தையே எழுத வேண்டும். மாணவர்களுக்கு எட்டைக் கழித்து எழுதும் பயிற்சியாகவும் ஆகும். ஊரில் உள்ள எல்லாப் பூங்காவும் பட்டியலில் இருக்காது. போவதற்கு முன்பே திட்டத்தின் தளத்தில் பெயரையும் எல்லையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலையுச்சித் திட்டத்தின் மதிப்பெண் பெற நான்கு தொடர்புகள் போதும், ஆனால் ஒழுங்கு கடுமையானது. உச்சியிலிருந்து செங்குத்தாக 25 மீட்டருக்குள் இருக்க வேண்டும். கடைசி ஏற்றத்தை இயந்திர வாகனம் இல்லாமல் ஏற வேண்டும். காருக்குள்ளிருந்தோ காரின் மின்சாரத்திலோ, எண்ணெயில் ஓடும் மின்னாக்கியிலோ இயக்கக்கூடாது. ஜெராய் மலை 1,217 மீட்டர் உயரம். மேலே உள்ள விடுதி வரை தார்ச்சாலை போகிறது என்பதால் அங்கே காரை நிறுத்தி ஒலிபரப்பிவிட்டு மலையேறியதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் நிற்கின்றன. வேலி போட்ட பகுதிக்கு அருகில் போகவே போகாதீர்கள். அந்தக் கோபுரங்களின் வலிமையான அலைகளால் மலிவான கைவானொலிகள் திணறி, செவிடாகிவிடுவதும் உண்டு. இந்த இரு காரணத்துக்காகவும், பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் மலையடிவாரத்தையே பரிந்துரைப்பேன்.

மாணவர்களைச் சேர்ப்பதற்கு உங்களுக்கு ஏற்ற வாசல் வேறொன்று இருக்கிறது. 'ஜோட்டா' எனப்படும் வானலைச் சாரணர் பெருவிழா 1958 முதல் நடந்து வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் ஒரு வாரக்கடைசியில் வரும். உரிமம் பெற்ற அமெச்சூர் ஒருவரை அழைத்து, அவர் இயக்க, பிள்ளைகள் பக்கத்தில் அமர்ந்து கேட்கட்டும். ஒருவர் பதிவேடு எழுதட்டும், ஒருவர் உலக வரைபடத்தில் ஊசி குத்தட்டும், இருவர் நைலான் கயிற்றைப் பிடித்து ஆண்டெனாவை உயர்த்தட்டும். ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்ற எழுத்துச் சொற்களை முன்கூட்டியே மனப்பாடம் செய்யவைத்துவிடுங்கள். அலையில் தேய்ந்து வரும் ஓர் அழைப்புக்குறியைப் பெரியவருக்கு முன் ஒரு பிள்ளை பிடித்துச் சொல்லும்போது அந்த முகத்தைப் பாருங்கள். பூஜாங் பள்ளத்தாக்கின் அகழ்வாய்வு அருங்காட்சியகம் உங்கள் வட்டாரத்திலேயே இருக்கிறது. சோழர் கல்வெட்டுகள் கடாரம் என்று குறிக்கும் இந்த மண்ணிலிருந்து தமிழகத்து அமெச்சூர் ஒருவரோடு 14 அல்லது 21 மெகாஹெர்ட்ஸில் தொடர்பு கிடைத்தால், அந்த ஒரு தொடர்பிலேயே வரலாற்றுப் பாடமும் புவியியல் பாடமும் நடந்துவிடும். சூரியனின் பதினோராண்டுச் சுழற்சி 2024இல் உச்சத்தைத் தொட்டு இப்போது இறங்குமுகத்தில் இருப்பதால், உயர் அலைவரிசைகள் இன்னும் நன்றாகத் திறக்கும் இந்தக் காலத்தைத் தவறவிடாதீர்கள்.

எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கும்போது இந்த வேலையால் யாருக்கு என்ன பயன்?
*– ஓய்வுபெற்ற கிராணி, பீடோங்*

கேள்வியில் நியாயம் இருக்கிறது. பதிலை உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கோத்தா கோலா மூடாவைத் தாக்கியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதே அலை அந்தமான் தீவுகளையும் தாக்கியபோது, அங்கே தொலைபேசித் தொடர்பு அறுந்து, தீவுகள் வெளியுலகிலிருந்து துண்டிக்கப்பட்டன. அந்த நேரத்தில் இந்திய அமெச்சூரான பாரதி பிரசாத், அரிதான இடத்திலிருந்து வானொலி இயக்கும் பயணத்துக்காகக் குழுவோடு போர்ட் பிளேரில் இருந்தார். விடுதியில் நிறுவியிருந்த நிலையத்தை அவர்கள் உடனே மீட்புப் பணிக்குத் திருப்பினார்கள். உறவினரைத் தேடுவோரின் சேதிகள் அந்த வானலையில்தான் போய்வந்தன.

அவர்களிடம் இருந்தவை பயணத்துக்கென்று கட்டி எடுத்துவந்த வானொலியும் ஆண்டெனாவும். கூடவே, புதிய இடத்தில் அவற்றை விரைவாக நிறுவி இயக்கும் பழக்கம். வார இறுதியில் ஒருவர் பூங்காவில் செய்வது அதே வேலைதான். இருபது நிமிடத்தில் கம்பி கட்டுவது, மின்கலத்தை அளந்து செலவழிப்பது, அரைகுறையாகக் கேட்கும் சேதியைத் தவறில்லாமல் எழுதுவது ஆகியவை வெள்ளம் வந்த அன்று கற்றுக்கொள்ளக் கூடியவை அல்ல. வெள்ளத்தில் மின்சாரம் போய், கைப்பேசிக் கோபுரத்தின் மின்கலமும் தீர்ந்துவிட்டால், கைப்பேசி வெறும் விளக்குதான்.

போன முறை கம்பி கட்டிக்கொண்டிருந்தபோது வனக் காவலர் வந்து விசாரித்தார். பெண் தனியாக உட்கார்ந்து கம்பியும் பெட்டியுமாக இருப்பதைப் பார்த்து, வந்தவர்களும் கூடிவிட்டார்கள். எப்படிச் சமாளிப்பது?
*– தாதி, சுங்கை பட்டாணி*

விசாரிப்பது அவர் கடமை, வருத்தப்படாதீர்கள். நிரந்தர வனக் காப்பகத்துக்குள் நுழைய 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி அனுமதி வேண்டும். மலையேற்றப் பாதைகளுக்கும் அப்படியே. பொழுதுபோக்கு வனப் பகுதியானால், போனதும் முதலில் அலுவலகத்தில் உங்கள் சான்றிதழையும் ஒதுக்கீட்டு ஆவணத்தையும் காட்டி, எந்த இடத்தில், எத்தனை மணி வரை இருப்பீர்கள் என்று சொல்லிவிடுங்கள். ஆவணத்தின் நகல் பையில் எப்போதும் இருக்கட்டும். ராணுவ முகாம், விமான நிலையம், எல்லைப்புறம் ஆகிய இடங்களுக்கு அருகில் கம்பி கட்டவே கட்டாதீர்கள்.

கூடுபவர்களுக்குக் காதொலிக் கருவியைக் கழற்றி, ஒலிபெருக்கியில் இரண்டு நிமிடம் கேட்கவிடுங்கள். பெரும்பாலோர் அதோடு வாழ்த்திவிட்டுப் போய்விடுவார்கள். ஆனாலும் தனியாகப் போக வேண்டாம் என்பதே என் கருத்து. இது பெண் என்பதற்காகச் சொல்வதில்லை, காதொலி மாட்டிக்கொண்டு பதிவேட்டில் குனிந்திருக்கும் யாருக்கும் சுற்றிலும் நடப்பது தெரியாது. ஒருவர் இயக்க, ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். குரங்குகள் உள்ள இடத்தில் உணவுப் பையை வானொலிப் பையோடு சேர்த்து வைக்காதீர்கள்.

எந்த நேரத்தில் போவது நல்லது? மழைக்கும் இடிக்கும் என்ன செய்வது?
*– பலர்*

காலையில் போய், பிற்பகல் 2 மணிக்குள் சுருட்டிவிடுங்கள். மேற்குக் கரையில் பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபரை ஒட்டியும் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். ஜெராய் மலைமேல் மேகம் கறுப்பதைக் கண் பார்ப்பதற்கு முன்பே 7 மெகாஹெர்ட்ஸ் உங்களுக்குச் சொல்லிவிடும்: பேச்சுக்கு நடுவே படபடவென்று வெடிக்கும் ஓசை முதலில் எப்போதாவது ஒன்றாக வரும், பிறகு நெருங்கி நெருங்கி வரும். அந்த வெடிப்புகள் ஒவ்வொன்றும் எங்கோ விழுந்த ஒரு மின்னல். அவை வலுத்து, இடைவெளி குறைந்தால் அந்தத் தொடர்பை முடித்துக்கொண்டு கம்பியை இறக்குங்கள். இடியோசை காதில் விழுந்துவிட்டால் அதற்கும் காத்திருக்கக்கூடாது. கேபிளை வானொலியிலிருந்து கழற்றிப் போட்டுவிட்டு, கம்பத்தை அப்படியே விட்டு, காருக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடியோசை கேட்டு அரை மணி நேரம் கழிந்தபின் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம்.

அலைவரிசை வாரியாகச் சொன்னால், காலை 8 முதல் 10 வரை 7 மெகாஹெர்ட்ஸ் தீபகற்பம் முழுவதற்கும் நன்றாக இருக்கும். வெயில் ஏற ஏற அயனி மண்டலத்தின் கீழடுக்கு அதை உறிஞ்சத் தொடங்கும். அப்போது 14, 21, 28 மெகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். குரலில் பதில் கிடைக்காதவர்கள் எஃப்டி8 எனும் கணினிவழி முறையில் 14.074 மெகாஹெர்ட்ஸில் முயலலாம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் 2017இல் உருவாக்கிய இந்த முறை, காதுக்கே கேட்காத குறிகையையும் கணினியால் படித்துவிடும். ஆனால் அது பதினைந்து வினாடித் துண்டுகளில் இயங்குவதால், கடிகாரம் ஓரிரு வினாடி பிசகினாலே தடுமாறும். காட்டுக்குள் இணையம் கிடைக்காத இடங்களில் செயற்கைக்கோள் நேரத்தைக் கொண்டு கணினிக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் புறப்படுமுன் வீட்டிலேயே சரிபார்த்துவிடுங்கள்.

எந்த அலைவரிசையானாலும், அழைப்பதற்கு முன் இடம் காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டு, அரை நிமிடம் பொறுத்து, பிறகு அழைப்புக்குறியோடு 'போர்ட்டபிள்' என்று சேர்த்துக் கூப்பிடுங்கள். வெளியிடத்திலிருந்து குறைந்த சக்தியில் ஒருவர் அழைக்கிறார் என்று தெரிந்தால், வீட்டில் இருப்பவர்கள் மற்ற பேச்சை நிறுத்திவிட்டு வழிவிடுவதே இங்கே வழக்கம்.